‘மா’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவரிடம் ஒற்றுப்பிழையைப் பற்றி யாரும் அதிகம் கேட்பதில்லை. இந்த ஓர் எழுத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஊர் அப்படி. ஒரே ஒன்றியப் பகுதிக்குள் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் தமிழ், மாஹேயில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு. போதாக்குறைக்குப் பிரெஞ்சு வகுப்புக்குப் போகும் பிள்ளைகள், சைகோனிலிருந்து திரும்பிய குடும்பங்கள். இத்தனை பேர் வாயிலும் ‘மா’ வருகிறது, பொருள்தான் ஆளுக்கொன்று. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் போட்டுவைக்கிறேன்.

தமிழில் மட்டும் ‘மா’வுக்கு எத்தனை பொருள்?

ஓரெழுத்து ஒருமொழிகள் 42 என்று நன்னூல் கணக்குச் சொல்கிறது. அதில் மகர வரிசைக்கு ஆறு: மா, மீ, மூ, மே, மை, மோ. இந்த ஆறில் அதிகம் உழைப்பது மா. மாமரம், அரைத்த மாவு, விலங்கு, பெரியது, கருமை, இருபதில் ஒரு பங்கு, அந்தப் பங்கின் பெயரிலேயே ஒரு நில அளவு, திருமகள் என்று போகும். பழைய சொற்பொருள் நூல்களான நிகண்டுகளைப் புரட்டினால் பட்டியல் இன்னும் நீளும். விலங்கு என்று ஒரே சொல்லில் விடாமல் குதிரை, யானை, பன்றி என்று பிரித்துவைப்பார்கள்.

இவை ஒரே சொல்லின் எட்டுப் பொருள்கள் என்று நினைத்துவிட வேண்டாம். வேறு வேறு இடத்திலிருந்து வந்த சொற்கள் ஒரே ஒலியில் வந்து நிற்கின்றன. திருமகளைக் குறிக்கும் மா வடமொழி. மாதவன் என்ற பெயரில் இருப்பது அது. மாமரத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அகராதி கையில் இல்லாதபோது எது எந்த ‘மா’ என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

புணர்ச்சியைப் பாருங்கள். எழுத்தில் ஒன்றுபோல் இருக்கும் சொற்கள் அடுத்த சொல்லோடு சேரும்போது தங்கள் குணத்தைக் காட்டிவிடும்.

மரமாகிய மா, பின்னால் வல்லினம் வந்தால் மெல்லினத்தை இழுத்துக்கொள்ளும்: மாங்காய், மாங்கொட்டை, மாந்தோப்பு, மாந்தளிர், மாம்பழம். அரைத்த மா, வல்லினத்தை இரட்டிக்கும்: மாக்கோலம், மாக்கல். ‘பெரிய’ என்னும் மா இன்றைய வழக்கில் பெரும்பாலும் இரண்டையும் செய்யாது, சும்மா நிற்கும்: மாபெரும். மாங்கோலம் என்றோ மாப்பெரும் என்றோ நாம் தவறியும் சொல்வதில்லை. இலக்கணம் படிக்காத வாயும் இந்த வேறுபாட்டைப் பிசகாமல் காக்கிறது. தொல்காப்பியர் மரத்துக்கு ‘மாமரக் கிளவி’ என்று பெயர் சொல்லித் தனியே விதி வைத்ததும் இதனால்தான்.

சிக்கல் வருவது வகரத்தில். மாவிளக்கு, மாவிலை இரண்டையும் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். முதலாவது மா + விளக்கு, அரிசி மாவில் பிடித்த விளக்கு. இரண்டாவது மா + இலை. நடுவில் உள்ள வகரம் உடம்படுமெய், இரண்டு உயிர்களை இணைக்க வரும் மெய். மாவிலைத் தோரணம் கட்டி மாவிளக்கும் போடும் வீட்டில் இரண்டு மாவும் ஒரே நாளில் வாசல் ஏறுகின்றன. மாவட்டத்தில் இருப்பது பெரிய மா, மாவடுவில் இருப்பது மரம்.

விலங்காகிய மா பெரும்பாலும் சொல்லின் கடைசியில் வந்து உட்காரும்: பரிமா குதிரை, கைம்மா யானை, அரிமா சிங்கம். கடலூரிலும் புதுச்சேரியிலும் சுவரொட்டிகளில் பெயருக்கு முன்னால் ‘அரிமா’ என்று போட்டுக்கொள்கிறார்களே, லயன்ஸ் சங்கத்தார், அவர்கள் புண்ணியத்தில் இந்தப் பழஞ்சொல் இன்னும் நடமாடுகிறது. மக்கள் என்பதை நீட்டி மாக்கள் என்றால் மட்டும் கோபித்துக்கொள்வார்கள். மாவுக்கும் மாக்களுக்கும் ஐந்தறிவுதான், மக்களுக்கே ஆறறிவு என்று தொல்காப்பியம் பிரித்துவைத்திருக்கிறது.

மாநிறத்தில் உள்ள மா கருமை என்பார் உண்டு, மாந்தளிரின் நிறம் என்பாரும் உண்டு. முற்றிய கரும்பச்சை மாவிலையை மட்டும் பார்த்தவர்களுக்கு இரண்டாவது விளக்கம் எடுபடாது. தளிர் விடும் மாதத்தில் மரத்தை அண்ணாந்து பார்த்தால் புரியும்.

காட்டுமன்னார்கோயில் பக்கம் ‘நாலு மா நடவு’ என்கிறார்கள். அது எவ்வளவு?

ஒரு மா 100 குழி. அங்கே குழி என்பது 12 அடிக்கு 12 அடி, அதாவது 144 சதுர அடி. ஆகவே ஒரு மா 14,400 சதுர அடி, ஏறக்குறைய 33 சென்ட். மூன்று மா ஓர் ஏக்கர் என்று வாய்க்கணக்காகச் சொல்வது இதனால். இருபது மா சேர்ந்தால் ஒரு வேலி.

அந்த இருபதில்தான் பெயரின் ரகசியம் இருக்கிறது. மா என்றால் பழந்தமிழ்க் கணக்கில் 1/20. வேலியில் இருபதில் ஒன்று, ஆகவே மா. இதே வாய்பாட்டில் அரைமா 1/40, காணி 1/80, காணியில் கால் பங்கான முந்திரி 1/320. பண்ருட்டிக்காரர்கள் மன்னிக்கவேண்டும், இது கொட்டை முந்திரி அல்ல. மாகாணி என்பது மாவும் காணியும் சேர்ந்தது: 1/20 உடன் 1/80ஐக் கூட்டினால் 1/16. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒப்பித்த இந்தக் கணக்கின் குறிகள் 2019இல் வெளிவந்த யூனிகோடு 12.0இல் தமிழுக்கான துணைப் பகுதியாக இடம்பெற்றன. ஆக, மாவுக்கும் காணிக்கும் இன்று கணினியில் தனிக் குறி உண்டு.

வடக்கே வாருங்கள், குழப்பம் தொடங்கும். கடலூரின் வடபாதியிலும் புதுச்சேரியிலும் நிலத்தைக் காணியில் பேசுவார்கள். இங்கே குழி 24 அடிக்கு 24 அடி, 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி, 57,600 சதுர அடி. பின்னக் கணக்கில் மாவில் கால் பங்காக இருந்த காணி, நிலக் கணக்கில் மாவைப்போல் நாலு மடங்காகிவிட்டது! சிதம்பரத்துக்காரரும் பாகூர்க்காரரும் ‘நூறு குழி’ என்று ஒரே வார்த்தையில் பேரம் பேசினால், ஒருவர் மனத்தில் ஒரு மா இருக்கும், மற்றவர் மனத்தில் ஒரு காணி இருக்கும். புதுச்சேரிப் பத்திரங்களிலோ இரண்டும் இராது. பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற ஹெக்டேர், ஆர், சென்டியார் வரிசைதான் இருக்கும்.

மாநகரம், மாநிலம் என்பதில் உள்ள மா தமிழா, ‘மகா’வின் சுருக்கமா?

இரண்டு கட்சியும் உண்டு. மாநிலம் போன்ற தொடர்கள் சங்கப் பாடல்களிலேயே தாராளமாக வருவதால் இது தமிழின் சொந்தச் சொல் என்பது ஒரு கட்சி. வடமொழி ‘மஹா’ பேச்சில் தேய்ந்து மா ஆயிற்று என்பது இன்னொன்று. இரண்டுமே நடந்திருக்கலாம் என்பது என் எண்ணம். சொந்தச் சரக்கு ஒன்று இருந்த இடத்தில், அதே ஒலியும் அதே பொருளும் உள்ள வெளிச்சரக்கு வந்து கலந்தால் பின்னால் பிரித்தெடுப்பது கடினம்.

பழைய நூல்களில் மாநிலம் என்றால் இந்தப் பெரிய பூமி முழுவதும். இன்று அது ஆட்சிப் பிரிவு. புதுச்சேரி சட்டப்படி ஒன்றியப் பகுதி. ஆனால் பேச்சில் ‘புதுச்சேரி மாநிலம்’ என்றுதான் சொல்கிறோம், கூடவே ‘மாநிலத் தகுதி வேண்டும்’ என்றும் கேட்கிறோம். கடலூர் 2021இல் மாநகராட்சி ஆனபோது அதற்கு ஒரு மா கிடைத்தது. நமக்கு இன்னும் வரவேண்டியிருக்கிறது.

ஆங்கிலத்தின் ‘மேங்கோ’ நம் மாங்காய்தானா?

ஆம், இதில் ஐயமே வேண்டாம். தமிழில் மாங்காய், மலையாளத்தில் மாங்ஙா. மலாய் மொழியில் மங்கா. போர்த்துகீசியர் மலபார் கரையிலோ மலாய்க் கரையிலோ இதைக் கேட்டு ‘மாங்கா’ என்று எடுத்துக்கொண்டார்கள். அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனது மேங்கோ, பிரெஞ்சுக்குப் போனது மாங்க். 1753இல் லின்னேயஸ் மரத்துக்கு அறிவியல் பெயர் வைத்தபோது ‘மாஞ்சிஃபெரா இண்டிகா’ என்றார். மாங்காயைத் தாங்குவது என்று பொருள். ஒவ்வொரு தாவரவியல் மாணவரும் தெரியாமலே ஒரு தென்னிந்தியச் சொல்லை லத்தீனில் எழுதிக்கொண்டிருக்கிறார்.

கவனியுங்கள், வெளியே போனது பழத்தின் பெயர் அல்ல, காயின் பெயர். மாம்பழம் என்ற சொல்லை வணிகர் எடுத்துப்போகவில்லை. ஆனி மாதப் பௌர்ணமியில் காரைக்காலில் நடக்கும் மாங்கனித் திருவிழாவுக்குப் போனவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து வாரி இறைக்கப்படுவது கனிகள். காரைக்கால் அம்மையார் ஆவதற்கு முன் புனிதவதியாராக இருந்தவரிடம் கணவர் பரமதத்தன் கொடுத்தனுப்பியதும் இரண்டு மாங்கனிகளே.

வடக்கே இந்தப் பழத்துக்கு வேறு குடும்பம்: வடமொழியில் ஆம்ரம், இந்தியில் ஆம், மராத்தியில் ஆம்பா. காஞ்சிபுரத்து ஏகாம்பரநாதர் பெயரில் இருப்பது அந்த ஆம்ரம். ஒற்றை மாமரத்தடியில் இருப்பவர். ஆம்ப வகைச் சொல் கடல் வழியாக ஆப்பிரிக்கா வரை போயிருக்கிறது: சுவாஹிலியில் மாம்பழம் ‘எம்பே’. பல பழங்கள் என்றால் ‘மாஎம்பே’. உடனே ‘பார்த்தீர்களா, மா!’ என்று துள்ள வேண்டாம். சுவாஹிலியில் அந்த மா பன்மை முன்னொட்டு. கண் என்பதற்கு ஜிச்சோ, கண்கள் என்பதற்கு மாச்சோ.

பிரெஞ்சில் ‘மா மேர்’ என்றால் என் அம்மா. அம்மா என்பதிலிருந்து வந்த மாவா இது?

இல்லை. ‘மேர்’ என்பதே அம்மா. ‘மா’ என்பது ‘என்’ மட்டும். லத்தீன் ‘மேஆ’ சுருங்கி வந்தது. பெண்பாற் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் மா, ஆண்பாலுக்கு முன்னால் மோன். வீடு பெண்பால் என்பதால் மா மேஸோன்.

பிரெஞ்சு வகுப்புப் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ‘அமி’ (தோழி) பெண்பாலாக இருந்தும் ‘மா அமி’ என்று வராது, ‘மோன் அமி’தான். இரண்டு உயிர்கள் முட்டிக்கொள்வதைப் பிரெஞ்சுக் காது பொறுக்காது. நாம் அந்த இடத்தில் ஒரு வகரத்தையோ யகரத்தையோ வைத்து உடம்படுத்துவோம். அவர்கள் ஆண்பால் வடிவத்தை இரவல் வாங்கிவிடுகிறார்கள்.

‘மேடம்’ என்று தினமும் அலுவலகத்தில் கூப்பிடுகிறோமே, அதற்குள்ளும் இந்த மா இருக்கிறது. மா + தாம், ‘என் சீமாட்டி’. பழைய புதுச்சேரிக்காரர் வாயில் மதாம். ஆகவே ‘எங்க மேடம்’ என்பவர் ‘எங்கள் என் சீமாட்டி’ என்கிறார். சிரிக்க ஒன்றுமில்லை, நாமும் இதைச் செய்தவர்கள்தான். பழந்தமிழில் எந்தை என்றால் என் தந்தை, நுந்தை என்றால் உன் தந்தை, தந்தை என்றால் அவன் தந்தை. தாயும் அப்படியே: யாய், ஞாய், தாய். இன்று ‘என் தந்தை’, ‘உன் தாய்’ என்று கூசாமல் எழுதுகிறோம்.

ஏனாமில் ‘மா இல்லு’ என்கிறார்கள். ‘பெரிய வீடு’ என்றா பொருள்?

எங்கள் வீடு என்று பொருள். தெலுங்கின் மா ‘எங்கள்’. கேட்பவரைச் சேர்க்காத எங்கள். சேர்த்துச் சொல்ல ‘மன’.

இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த மா இதுதான். ஒலியில் நம் மாக்களோடு அப்படியே ஒத்துப்போகிறது, ஆனால் அவற்றில் எதற்கும் உறவில்லை. உறவு யாரோடு என்றால் ஒலியில் ஒத்தே போகாத ‘எம்’ என்னும் சொல்லோடு. தெலுங்குக்கு ஒரு பழக்கம் உண்டு: சொல்லின் முதல் உயிரைப் பின்னால் தள்ளி, மெய்யை முன்னால் கொண்டுவரும். நம் அவர் அங்கே வாரு. நம் உள் அங்கே லோ. அதே வழியில் எம் அங்கே மா. ஒன்றிரண்டு சொல்லில் தற்செயலாக நடந்ததல்ல இது, வரிசையாக நடந்திருக்கிறது. வரிசையாக நடந்தால்தான் அதை உறவு என்று ஒப்புக்கொள்ள முடியும்.

மாஹேக்காரர்களுக்கு இந்த வம்பு இல்லை. மலையாளத்தின் மாவு, மாமரத்தையும் குறிக்கும், அரைத்த மாவையும் குறிக்கும். இரண்டும் நமக்குத் தெரிந்தவைதான்.

வியட்நாமிய மொழியில் ‘மா’ என்றால் பேய் என்கிறார் எங்கள் பாட்டி. உண்மையா?

பாட்டி எந்தச் சுரத்தில் சொன்னார் என்பதைப் பொறுத்தது. அந்த மொழியில் சொல்லின் ஏற்ற இறக்கமும் சொல்லின் பகுதி. சமமாகச் சொன்னால் பேய். குரலை உயர்த்தினால் கன்னம். தெற்கே அம்மாவும் அதுதான். தாழ்த்தினால் ‘ஆனால்’ போன்ற இணைப்புச் சொல். வளைத்துச் சொன்னால் கல்லறை. உடைத்து உயர்த்தினால் குதிரை. இது சீனத்திலிருந்து வந்த சொல். அடித்தொண்டையில் இறக்கி நிறுத்தினால் நாற்று, வயலில் பிடுங்கி நடும் அதே நெல் நாற்று.

பாடநூல்களில் இப்படி ஆறு. ஆனால் சைகோன் பேச்சில் கல்லறையின் சுரமும் குதிரையின் சுரமும் ஒன்றாகிவிட்டன, ஐந்துதான் கேட்கும். பிரெஞ்சு ஆட்சியில் படைக்கும் அலுவலுக்கும் வணிகத்துக்கும் இந்தோசீனா போன புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களில் பலர் வாழ்ந்தது அந்தத் தெற்கில். 1975இல் சைகோன் வீழ்ந்ததையொட்டித் திரும்பியவர்களும் உண்டு. ஆகவே உங்கள் பாட்டி குதிரையையும் கல்லறையையும் ஒரே மாதிரிச் சொன்னால் அவரைத் திருத்தப் போகாதீர்கள். அவர் ஊர்ப் பேச்சு அது.

காரைக்கால் அம்மையாரை நினைத்துக்கொண்டால் ஒரு வேடிக்கை. கதை மாங்கனியில் தொடங்குகிறது, இறைவன் அவரை அம்மையே என்று அழைக்கிறான், அவர் தம்மைக் காரைக்கால் பேய் என்று சொல்லிக்கொள்கிறார். மாங்கனி தமிழ் மா. அம்மாவும் பேயும் வியட்நாமிய மா. தற்செயல்தான், ஆனால் ரசிக்கத் தடையில்லை.

சீனத்திலும் கேள்வி கேட்க வாக்கியக் கடைசியில் ‘மா’ போடுகிறார்களாமே, நம் ‘வருமா? முடியுமா?’ மாதிரி?

போடுகிறார்கள். அதிகம் பகிரப்படும் ‘ஒற்றுமை’ இது. நொடியில் கவிழ்ந்துவிடுவதும் இது.

வருமா என்பதைப் பிரியுங்கள்: வரும் + ஆ. கேள்வியைச் சுமப்பது ஆ மட்டும். மகரம் வினைமுற்றுக்குச் சொந்தம். வந்தானா, நீயா, பாலா, தேனா என்று கேட்டுப் பாருங்கள், மகரம் எங்கே? சீனத்தில் எந்த வாக்கியமானாலும் மாதான். அதன் பழைய வடிவம், வாக்கியக் கடைசியில் வைத்த ‘இல்லை’ என்னும் எதிர்மறைச் சொல், ‘வருகிறான், இல்லை?’ என்று கேட்பதுபோல. வேரும் வேறு, உறுப்பும் வேறு.

சரி, சீனத்தில் ‘மா’ என்றால் குதிரை, நம் நிகண்டிலும் மா குதிரை. இதுவும் தற்செயலா?

தற்செயலே. நம் மா முதலில் எந்த விலங்குக்கும் பொது. குதிரை என்பது பின்னால் குறுகிய பொருள். சீனச் சொல்லோ முதலிலிருந்து குதிரை மட்டும். இது ஒன்று. இன்னொன்று இன்னும் வலுவானது: பழஞ்சீன வடிவத்தில் மகரத்தை அடுத்து ஒரு ரகரம் இருந்தது என்று மொழியியலார் மீட்டெடுத்திருக்கிறார்கள். அதற்குச் சாட்சி பர்மிய மொழி. சீனத்தோடு ஒரே குடும்பம். அங்கே குதிரையின் பழைய எழுத்து வடிவம் ‘ம்ரங்’. தேய்ந்துபோன ரகரம் பர்மியரிடம் பத்திரமாக இருக்கிறது. சீனக் குதிரையின் உடன்பிறப்பைத் தேடுபவர் பர்மாவுக்குத்தான் போகவேண்டும்.

சீனத்துக்கும் சுரம் உண்டு. உயர்ந்து சமமாக நின்றால் அம்மா, ஏறினால் சணல் வகைச் செடி, இறங்கி ஏறினால் குதிரை, சட்டென்று இறங்கினால் திட்டுவது. ‘அம்மா குதிரையைத் திட்டுகிறாளா?’ என்று ஒரு வாக்கியத்தில் சணல் தவிர மற்றவற்றையும் கேள்வி ‘மா’வையும் கோத்துப் புதிய மாணவரைப் பழக்குவார்கள். நம் ‘ஓடுற நரியில ஒரு நரி’ மாதிரி.

உலகம் முழுக்க அம்மாவை ‘மா’ என்கிறார்களே. அதுவுமா தற்செயல்?

தற்செயல் அல்ல, உறவும் அல்ல. மூன்றாவது காரணம் ஒன்று இருக்கிறது: குழந்தையின் வாய். உதட்டை மூடித் திறப்பது சுலபம். மூடியபடி மூக்கால் ஒலித்தால் ம், திறந்தால் ஆ. பால் குடிக்கும்போதும் பாலுக்கு அழும்போதும் தானாக வரும் ஓசை அது. எதிரில் நிற்பவள் தன்னைத்தான் கூப்பிடுகிறது என்று எடுத்துக்கொள்கிறாள். மொழியியலார் ரோமன் யாக்கப்சன் 1960இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதைத்தான் விளக்கினார்.

இதனால்தான் ஒலி நிலைத்தாலும் ஆள் மாறுகிறார். ஜார்ஜியா நாட்டில் ‘மாமா’ என்றால் அப்பா, அம்மா ‘தேதா’. சீனத்தில் மாமா என்றால் அம்மா. கடலூரில் மாமா யாரென்று சொல்லவேண்டியதில்லை. மழலை கொடுப்பது ஓசையை. அதை யாருக்குச் சூட்டுவது என்று முடிவுசெய்வது குடும்பம்.

அப்படியானால் எல்லா மாவும் தமிழிலிருந்து போனவை என்று சொல்லவே கூடாதா?

மாங்காய் போயிருக்கிறது, அதைத் தாராளமாகச் சொல்லுங்கள். யார் கொண்டுபோனார், எந்தத் துறைமுகம் வழியாக, இடையில் எந்த வடிவம் என்று அடிச்சுவடு இருக்கிறது. மற்றவற்றுக்கு அது இல்லை.

சொல் எவ்வளவு சிறியதோ அவ்வளவுக்கு ஏமாற்றும். மகரம் இல்லாத மொழி மிக அரிது, ஆகாரம் இல்லாத மொழி அதைவிட அரிது. இரண்டும் சேர்ந்த ஓரசைச் சொல்லை எந்த மொழியும் சும்மா விட்டுவைக்காது. ஹங்கேரியில் ‘இன்று’. பாரசீகத்தில் ‘நாங்கள்’. எஸ்தோனியாவில் ‘நான்’, கொஞ்சம் நீட்டினால் ‘நிலம்’. போலந்தில் ‘அவனிடம் இருக்கிறது’. ஐரிஷில் ‘என்றால்’. மாவோரியில் ‘வெள்ளை’, நம்மிடம் கருமை! பத்து மொழி அகராதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எதை வேண்டுமானாலும் எதோடும் கட்டிவிடலாம். கேட்கவேண்டியது ஒன்றுதான்: இந்தச் சொல் முன்பு எப்படி இருந்தது, இதே மாற்றம் வேறு சொற்களிலும் நடந்திருக்கிறதா?

அப்படிக் கேட்டால் எதிர்பாராத இடத்தில் உறவு கிடைக்கும். இத்தாலியத்தில் மா என்றால் ‘ஆனால்’. அது லத்தீன் ‘மாகிஸ்’ (மேலும்) தேய்ந்தது. பிரெஞ்சின் ‘மே’ என்பதும் அதே. மாகிஸின் வேரும் வடமொழி மஹாவின் வேரும் ஒன்று. ஆக, மாநகரத்தின் மா மஹாவிலிருந்து வந்தது என்ற கட்சி சரியானால், அதற்கு ரோமாபுரியில் ஒரு தூரத்து உறவு இருக்கிறது; பொருளோ ‘ஆனால்’!

வடமொழியில் மா என்றால் ‘வேண்டாம்’ என்றும் ஒரு பொருள் உண்டா?

உண்டு. வேடன் அன்றில் போன்ற ஒரு பறவையை அடித்ததைக் கண்டு வால்மீகி வாயில் வந்த சுலோகம் ‘மா நிஷாத’ என்று தொடங்கும். வேடனே, கூடாது என்று விலக்குவது. காவியம் சாபத்தில் தொடங்கலாமா என்று கவலைப்பட்ட உரைகாரர்கள் அந்த மாவைத் திருமகளாக்கி, திருமகள் உறைபவனே என்று திருமாலை வாழ்த்துவதாகவும் படித்துக் காட்டினார்கள். ஓரெழுத்தை வைத்துச் செய்த சாமர்த்தியங்களில் இதற்கு முதலிடம் கொடுப்பேன்.

‘மாஷா அல்லாஹ்’ என்பதில்?

அது அரபி, மா என்றால் அங்கே ‘எது’. இறைவன் எதை நாடினானோ அது என்பது தொடரின் பொருள். பரங்கிப்பேட்டையில் நாளெல்லாம் கேட்கலாம். அதே அரபியில் மா எதிர்மறையாகவும் வரும். கடைசியில் தொண்டையை ஒரு நொடி அடைத்து நிறுத்தினால் தண்ணீர்.

ஜப்பானிய ‘மா’ பற்றிக் கட்டிடக்கலை மாணவர்கள் பேசுகிறார்களே?

அவர்கள் பேசுவது ‘இடைவெளி’ என்னும் மாவை: இரண்டு தூணுக்கு நடுவே, இரண்டு தாளத்துக்கு நடுவே விடப்படும் வெற்றிடம். அது ஜப்பானின் சொந்தச் சொல். எனக்கு அதைவிட அங்குள்ள இன்னொரு மா சுவாரசியம். தீய ஆவி, கெடுக்கும் சக்தி என்று பொருள். புத்தரின் தவத்தைக் கெடுக்க வந்த மாரன் பெயரை எழுதச் சீனர்கள் ஓர் எழுத்தை உருவாக்கினார்கள். அது ஜப்பானுக்குப் போய் மா ஆனது. அதே மாரன் தமிழுக்கும் வந்தான். இங்கே அவன் மன்மதன், கையில் கரும்பு வில். அங்கே பேய்.

வாட்ஸாப்பில் ‘சரிமா’ என்று எழுதுவதா, ‘சரிம்மா’ என்றா?

இது அம்மாவின் தேய்வு. ‘சரி அம்மா’ என்பதுதான் ‘சரிம்மா’. ஆகவே மகரம் இரட்டித்து எழுதினால் நல்லது. ‘வாமா’ என்று ஒற்றை மகரத்தில் எழுதினால் கண் தடுமாறும். நம் பக்கம் மகளையும் மருமகளையும் கடைக்கு வரும் சின்னப் பெண்ணையும் ‘என்னம்மா’ என்கிறோம். வயதுக்கும் அம்மா ஆவதற்கும் இதில் தொடர்பில்லை.

திருமாணிக்குழி என்ற ஊர்ப்பெயரில் நில அளவான மாவும் குழியும் இருக்கின்றனவா?

கேள்வி அழகு, ஆனால் இல்லை. கடலூரை அடுத்துக் கெடிலக் கரையில் உள்ள அந்த ஊரின் பெயர் மாணி + குழி. மாணி என்றால் பிரமச்சாரி. வாமனனாக வந்த திருமால் அங்கே சிவனை வழிபட்டதாகத் தலபுராணம். மாவை வெட்டி எடுத்தால் ‘ணி’ அநாதையாக நிற்கும், பாருங்கள்.